பத்தாயிரம் ரூபாய்க்குள் நம்பகமான எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: புதிதாக வாங்குவதா, பழைய டிஸ்க்கைக் கேசில் போட்டுக்கொள்வதா?

கூத்துமாடம் (கொழிஞ்சாம்பாறை):

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், அறுவடைக்குப் பின்வரும் மாதங்களில் இரவு முழுவதும் நடைபெறும் தோல்பாவைக்கூத்தைச் சில ஆண்டுகளாக ஒளிப்பதிவு செய்து வருகிறேன். கம்பராமாயணப் பாடல்களைப் பாடி அவற்றுக்குப் புலவர்கள் விரிவாகப் பொருள் சொல்லும் கூத்து என்பதால், ஒரே பாடலுக்கு ஒரு புலவர் சொல்லும் விளக்கத்தை இன்னொருவர் சொல்வதில்லை. வயது முதிர்ந்த புலவர்களின் பதிவுகள் அழிந்துபோனால் அவற்றைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

கைபேசியில் முழு எச்டி தரத்தில் எடுக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி ஆகிறது. ஆறு மணி நேரம் நடக்கும் ஓர் இரவுக்கு 45 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். ஏழு இரவுக் கூத்து என்றால் 300 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. இதுவரை எடுத்தவை மொத்தம் 600 ஜிபி அளவில் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி வீட்டுக் கணினியிலும், மற்றவை பென் டிரைவுகளிலும் மெமரி கார்டுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. எதற்கும் இரண்டாவது படி இல்லை.

என்னால் ஒதுக்க முடிந்த தொகை பத்தாயிரம் ரூபாய். அதைக்கொண்டு ஒரே பெரிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்காக 4 டிபி வாங்கலாமா? திரை போய்விட்ட ஒரு பழைய லேப்டாப்பில் 500 ஜிபி டிஸ்க் இருக்கிறது. அதைக் கழற்றிச் சில நூறு ரூபாய் கேசில் (டிஸ்க்கைப் பொருத்தி யூஎஸ்பியில் இணைக்கும் உறை) போட்டுப் பயன்படுத்தலாம் என்கிறார்கள், அது பாதுகாப்பானதா? ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்குங்கள் என்று சக ஆசிரியர் சொல்கிறார். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்றும் ஒரு விளம்பரம் வருகிறது. எந்த நிறுவனத்தின் எந்த வகை பழுதில்லாமல் அதிக காலம் உழைக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

---

வேலந்தாவளம் சர்வீஸ்:

வணக்கம் டீச்சர். கணினிப் பழுதுபார்ப்பு என் தொழில் என்பதால், டிஸ்க் போய்விட்டது என்று கண்கலங்கி வருபவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எந்த நிறுவனம் நம்பகமானது என்பதை வைத்து உங்கள் பதிவுகளைக் காப்பாற்ற முடியாது. லட்சக்கணக்கான டிஸ்குகளை இரவு பகலாக ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடமுள்ள டிஸ்குகள் எந்த வகையில் எவ்வளவு பழுதாகின்றன என்பதைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. 2023 ஆம் ஆண்டில் அதன் மொத்த டிஸ்குகளின் ஆண்டுப் பழுது விகிதம் 1.40 சதவீதம். அவை குளிரூட்டிய அறையில் அசையாமல் இருக்கும் 3.5 அங்குல டிஸ்குகள்; பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகும் உங்கள் டிஸ்க்குக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. இருந்தாலும் அந்தக் கணக்கு ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: நல்ல பெயரெடுத்த வகையிலும் சில போகத்தான் செய்கின்றன, உங்கள் கையில் இருப்பது அந்தச் சிலவற்றில் ஒன்றா என்பதை வாங்கும்போது யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரே 4 டிபி வேண்டாம். ஏறக்குறைய அதே பணத்தில் இரண்டு 1 டிபி டிஸ்குகளை, இரண்டு வேறு நிறுவனங்களில், முடிந்தால் இரண்டு வேறு கடைகளில் வாங்குங்கள். ஒரு டிபிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் இது வீண் செலவாகத் தோன்றும். ஆனால் உங்களுக்கு இப்போது இல்லாதது இடமன்று, இரண்டாவது படிதான். ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் தயாரான இரண்டை வாங்கினால், தயாரிப்பில் ஏதேனும் குறை இருக்கும்பட்சத்தில் அது இரண்டிலும் இருக்கும். அதனால்தான் வேறு நிறுவனம் என்கிறேன்.

டிஸ்க்கில் அச்சிட்டுள்ள 1 டிபி என்பது கணினியில் 931 ஜிபியாகத்தான் தெரியும். நிறுவனங்கள் ஆயிரத்தால் பெருக்குகின்றன, விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். உங்கள் 600 ஜிபியும் இந்த ஆண்டுக் கூத்தும் அதில் அடங்கும்.

எஸ்எஸ்டியைப் பற்றி: கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம், கையோடு கொண்டு திரிய அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அது மின்னூட்டத்தைச் சேமித்துத் தகவலைக் காக்கும் பொருள். எழுதி எழுதித் தேய்ந்த நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்பதே, நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்பது உண்மைதான். என்றாலும் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பயன்பாட்டுக்கு, அதிலும் சித்திரை வெயிலில் நம் ஊர் வீடுகள் இருக்கும் சூட்டில், நான் ஹார்ட் டிஸ்க்கையே சொல்வேன். உங்கள் தொகைக்கு இரண்டு எஸ்எஸ்டி வாங்கவும் முடியாது.

அந்த 16 டிபி விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய மெமரி கார்டு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி அதன் நிரலை மாற்றியிருப்பார்கள். நகலெடுக்கும்போது எல்லாம் ஒழுங்காகப் போவதாகவே தெரியும். உண்மையான இடம் தீர்ந்ததும் பழையவற்றின் மேலேயே புதியவற்றை எழுதத் தொடங்கும். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலி இடம் முழுவதையும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து இந்த மோசடியைக் காட்டிவிடும். லினக்ஸில் அதே வேலையை எஃப்3 செய்கிறது. நல்ல கடையில் வாங்கிய புதிய டிஸ்க்கையும் பதிவுகளை ஏற்றும் முன் ஒருமுறை இப்படி முழுவதும் எழுதிப் படித்துப் பார்ப்பது நல்லது. தொடக்கத்திலேயே குறையுள்ள டிஸ்க் அந்தச் சோதனையில் தெரிந்துவிடும், கடையில் மாற்றிக்கொள்ளவும் காலம் இருக்கும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். சில எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், எலிமெண்ட்ஸ் போன்ற 2.5 அங்குல வகைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. அந்த வாய் உடைந்தால் டிஸ்க்கை வேறு கேசுக்கு மாற்ற முடியாது, போர்டு வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். சீகேட்டின் பல வகைகளில் உள்ளே வழக்கமான சாட்டா டிஸ்க்கும் (கணினிக்குள் பொருத்தும் பொதுவான இணைப்பு முனை உள்ளது) அதன் முனையில் செருகிய ஒரு சிறிய மாற்றிப் போர்டும் இருக்கும். அந்தப் போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கேசில் போட்டுப் பார்க்கலாம். இதனால் முதல் வகை மோசம் என்று பொருளில்லை, அந்த வாயில் கேபிளை ஆட்டாமல் பயன்படுத்த வேண்டும் என்பதே பொருள். என்னிடம் வரும் பழுதுகளில் டிஸ்க்கைவிடக் கேபிளும் வாயும் கெட்டவை ஏராளம்.

---

நகரி நெசவுத்தெரு:

அம்மா, வணக்கம். நான் ஆந்திர எல்லையில் நகரிக்கு அருகில் இருக்கிறேன். வேலந்தாவளம் நண்பர் சொன்ன இரண்டு டிஸ்க் யோசனையை முழுமனதோடு வழிமொழிகிறேன். ஆனால் உங்கள் பழைய லேப்டாப் டிஸ்க்கைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இன்று கடையில் கிடைக்கும் 1 டிபி, அதற்கு மேற்பட்ட 2.5 அங்குல டிஸ்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்ததன் மேல் படிந்திருப்பதுபோல, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அதையொட்டிய தடங்களையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும். அதனால் தொடர்ச்சியாக ஒருமுறை எழுதி வைப்பதற்கு இது குறையில்லாதது. அழித்து அழித்து எழுதினால், அதிலும் நிறையும் தறுவாயில், வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். 2020 ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்குகளில் இந்த முறையை வெளிப்படையாகச் சொல்லாமல் பயன்படுத்தியது தெரியவந்து பெரும் விவாதமானது. அதன் பிறகுதான் நிறுவனங்கள் எந்த டிஸ்க் எந்த முறை என்று பட்டியலிடத் தொடங்கின. உங்களுக்கு இதனால் பயன்பாட்டில் ஒரே ஒரு விதிதான்: எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்துக்கொண்டே வீடியோவை வெட்டி ஒட்டும் வேலையைச் செய்யாதீர்கள். அதைக் கணினியில் முடித்துவிட்டு, முடிந்த கோப்பை மட்டும் டிஸ்க்குக்கு அனுப்புங்கள்.

பழைய 500 ஜிபி டிஸ்குகள் பெரும்பாலும் முந்தைய முறையில் எழுதுபவை. வயதானவை என்றாலும் வேலைக்கு ஆகும். 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்கான யூஎஸ்பி 3 கேஸ் ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் டிஸ்க்கின் தடிமனைப் பாருங்கள். சில கேஸ்களில் 7 மில்லிமீட்டர் டிஸ்க்தான் நுழையும், பழைய லேப்டாப்புகளில் 9.5 மில்லிமீட்டர்தான் அதிகம். டிஸ்க்கைக் கேசில் பொருத்தியதும் க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்களுக்கு முக்கியமான வரிசை எண்கள் மூன்று. 5 என்பது கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198 என்பது சோதித்தும் திருத்த முடியாதவை. மூன்றிலும் வலக்கோடியில் சுழியம் இருந்தால் விண்டோஸில் ‘விரைவு’ என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள். அது டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும், சில மணி நேரம் பிடிக்கும். முடிந்த பின்னும் சுழியமாகவே இருந்தால் மூன்றாவது படிக்கு அந்த டிஸ்க் போதும். ஓர் எண் கூடியிருந்தாலும் அதில் ஒரு பதிவையும் வைக்காதீர்கள். செயலி அந்த எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதால் 10 என்று கண்டால் அது 16 என்று கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் 3.5 அங்குல டிஸ்க்கையும் தனி மின் அடாப்டர் உள்ள கேசையும் வாங்கிப் பொருத்துவதே என் விருப்பம். ஒரே பணத்துக்கு அதிக இடம் கிடைக்கும், எதைக் கழற்றி எதில் போடுவது என்பதும் நம் கையில் இருக்கும். 12 வோல்ட் அடாப்டர் இல்லாமல் அது சுழலாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்தால் எல்லாக் கணினியிலும் திறக்கும்.

---

கூத்துமாடம் (கொழிஞ்சாம்பாறை):

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. இரண்டு 1 டிபி டிஸ்குகளும் ஒரு கேசும் என்று முடிவுசெய்து கொண்டேன். 3.5 அங்குல யோசனை நல்லதென்றாலும், பள்ளிக்கும் வீட்டுக்கும் மாறி மாறிக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் என் சூழலுக்கு அது பொருந்தாது.

இப்போது எனக்கு மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. கேரளத்துப் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ்தான் உள்ளது, வீட்டில் விண்டோஸ். இரண்டிலும் இயங்க எந்த ஃபார்மேட் நல்லது? மதியத்துக்கு மேல் இடியும் மழையுமாகி அடிக்கடி மின்சாரம் நின்றுவிடும் ஊர் எங்களுடையது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். அடுத்து, நகலெடுத்த கோப்பு மூலக்கோப்பைப் போலவே குறைவின்றி இருக்கிறதா என்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் அறிய வழி உண்டா? ஆறு மணி நேரப் பதிவை முழுவதும் ஓடவிட்டுப் பார்ப்பது இயலாத செயல். கடைசியாக, கோயம்புத்தூரில் ஒரு கடையில் ரீசர்டிஃபைடு (முன்பு பயன்படுத்தியதைச் சோதித்து மறுபடி விற்கும்) 4 டிபி டிஸ்க் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அதை மூன்றாவது படிக்கு வாங்கலாமா?

---

பெரியாற்றுக்கரை (வண்டிப்பெரியாறு):

டீச்சர், உங்கள் மூன்று கேள்விகளுக்கும் மேலே எழுதிய இருவரே விடை சொல்லத் தகுந்தவர்கள். மழைக்காலத்தில் டிஸ்க்கை எப்படி வைத்திருப்பது என்பதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். எங்கள் தோட்டப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் சுவரே வியர்க்கும்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் காற்றுப் புகாத பெட்டி அன்று. அதன் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும், உள்ளே வடிகட்டி வழியாகக் காற்றழுத்தம் சமப்படுவதற்காக வைக்கப்பட்டது. அதை ஒட்டுத்தாளால் மூடக் கூடாது. அதே காரணத்தால் ஈரக் காற்றும் மெல்ல உள்ளே போய் வரும். ஆகவே இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான ஈரமான இடத்துக்குக் கொண்டுவந்த உடனே டிஸ்க்கை ஓடவிடாதீர்கள். மூணாற்றுக் குளிரிலிருந்து சமவெளிக்கு இறங்கும்போது கண்ணாடியில் படியும் நீர்த்திவலை டிஸ்க்கின் மேலும் படியும். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பையிலேயே விட்டு வைத்து, பிறகு இணையுங்கள்.

இரண்டு டிஸ்குகளையும் ஒரே அலமாரியில் வைப்பது ஒன்றை வைப்பதற்குச் சமம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எங்கள் மாவட்டத்தில் வீடுகள் முழுவதுமாக மண்ணுக்குள் போயின. பக்கத்துத் தெருவில் வைப்பதும் போதாது. பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ உறவினர் யாரேனும் இருந்தால் ஒன்றை அங்கே கொடுத்து வையுங்கள்.

---

வேலந்தாவளம் சர்வீஸ்:

டீச்சர், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஃபார்மேட் விஷயத்தில் நகரி நண்பரிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். எக்ஸ்ஃபேட் எல்லாவற்றிலும் திறக்கும் என்பது சரிதான். மைக்ரோசாஃப்ட் 2019 இல் அதன் விவரங்களை வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் உள்ளார்ந்த ஆதரவு வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே குலைந்துபோகும் வாய்ப்பு அதில் அதிகம். விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அந்தப் பதிவேடு உண்டு, பாதியில் நின்ற வேலையை அது சரிசெய்துகொள்ளும். பள்ளியின் லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கவும் எழுதவும் முடியும். கைபேசியில் நேரடியாகச் செருகும் தேவை உங்களுக்கு இல்லாததால், உங்கள் ஊருக்கு என்டிஎஃப்எஸ்தான் என் பரிந்துரை. இரண்டு டிஸ்குகளையும் அதிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். எந்த ஃபார்மேட்டானாலும், பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, டிஸ்க்கின் சுழற்சி நின்ற பிறகே கேபிளை எடுக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி வாயிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. பழைய யூஎஸ்பி 2 வாய் தர வேண்டிய வரையறை 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதற்கு அதிக மின்சாரம் தேவைப்படும். பள்ளியின் பழைய கணினிகளில் முன்பக்க வாயில் செருகினால் டிஸ்க் டிக் டிக் என்று ஒலித்துவிட்டு நின்றுபோனால், டிஸ்க் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள வாயில், டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளால் இணைத்துப் பாருங்கள். நல்ல மின்சாரம் கிடைத்த பின்னும் அந்த ஒலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்ப இணைத்துப் பார்ப்பது உள்ளே தட்டுகளை மேலும் சிராய்க்கும். ஓடும் டிஸ்க்கில் படிக்கும் முனை தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது தூக்குவதோ, சாய்ப்பதோ, கூத்துமாடத்தில் கொட்டும் பறையும் அதிரும் மேடைப் பலகையில் வைத்து நகலெடுப்பதோ கூடாது. இடி கேட்கத் தொடங்கினால் கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எப்போதும் செருகியே வைத்திருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகெங்கும் பரவியபோது கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களின் கணினிகளும் அதில் சிக்கின. அத்தகைய வைரஸ் கணினியில் உள்ளவற்றோடு, அந்த நேரத்தில் இணைந்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ளவற்றையும் பூட்டிவிடும். இரண்டு டிஸ்குகளையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் செருகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். கணினியில் உள்ள மூலத்திலிருந்து ஒன்றுக்கு எடுத்து முடித்து, அகற்றி, பிறகு அடுத்ததைச் செருகுங்கள். இரண்டும் முடிந்து சரிபார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்கவும் கூடாது.

சரிபார்ப்பதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையும் முழுவதும் படித்து, அதற்கே உரிய ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டுத் தரும் முறைக்கு ஷா-256 என்று பெயர். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். பள்ளியின் லினக்ஸில் இதற்கான ஷா256சம் என்ற கட்டளை ஏற்கெனவே உள்ளது. மூலக்கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஒருமுறை எண் எடுத்து, அந்தப் பட்டியலை ஒரு சிறிய உரைக்கோப்பாக மூன்று டிஸ்குகளிலும் வைத்துவிடுங்கள். நகலெடுத்த பிறகு அதே கட்டளையைச் சரிபார்க்கும் முறையில் ஓட்டினால், பட்டியலோடு ஒப்பிட்டு எது சரி, எது தவறு என்று பெயரோடு சொல்லும். 600 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், மாலையில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, கூத்துக் காலம் தொடங்கும் முன் இரண்டு டிஸ்குகளையும் இப்படிச் சோதியுங்கள். ஒன்றில் ஒரு கோப்பு கெட்டிருந்தால் மற்றதிலிருந்து நல்ல படியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பட்டியல் இல்லாவிட்டால் இரண்டும் வேறுபடும்போது எது நல்லது என்றே தெரியாது.

பழைய 500 ஜிபி டிஸ்க் நகரி நண்பர் சொன்ன சோதனையில் தேறினால், மூத்த புலவர்களின் பதிவுகளையும், இடம் இருந்தால் மற்றவற்றின் ஒலியை மட்டும் பிரித்தும் அதில் வையுங்கள். காட்சியை விட்டுவிட்டுப் பாட்டும் பொருளும் மட்டும் என்றால் ஓர் இரவுக்கு ஒரு ஜிபிகூட ஆகாது.

ரீசர்டிஃபைடு டிஸ்க் வேண்டாம் டீச்சர். நிறுவனமே திரும்பப் பெற்று, சோதித்து, வாரண்டியோடு விற்பது ஒரு வகை. தரவு மையங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியவற்றைத் துடைத்துக் கடைக்கு அனுப்புவது வேறு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஓடிய மணிக்கணக்கு அழிக்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் ஐரோப்பியக் கடைகளில் புதியவை என்ற பெயரில் விற்கப்பட்டது வெளியானது. வழக்கமாகப் பார்க்கும் பட்டியலில் சுழியம் இருந்தும், ஃபார்ம் என்ற உட்பதிவேட்டில் பல்லாயிரம் மணி நேரம் ஓடியது தெரிந்ததால்தான் அது பிடிபட்டது. அந்த உட்பதிவேட்டை ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசச் செயலியின் புதிய பதிப்பால் படிக்க முடியும். ஆனால் பில் போடும் இடத்தில் நின்றுகொண்டு அதைப் பார்க்க யார் அனுமதிப்பார்கள்? மேலும் அந்த 4 டிபி 3.5 அங்குல டிஸ்க்காக இருந்தால் உங்கள் பயணத்துக்கும் உதவாது.

புதியது வாங்கும்போது பில்லில் சீரியல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் இட்டால் எந்த நாள் வரை வாரண்டி என்பது தெரியும். இந்தியாவில் விற்கப்பட வேண்டிய டிஸ்க் அன்று என்றோ, காலம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது என்றோ வந்தால் கடையை விட்டு வெளியே வருவதற்குள் வேறொன்று கேட்டு வாங்கிவிடுங்கள். வாரண்டியில் கெட்டதற்குப் பதிலாக வேறு டிஸ்க் கிடைக்கும், உள்ளே இருந்த பதிவுகளுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். கேசைத் திறந்துவிட்டால் அந்த வாரண்டியும் இல்லை.